மழையில் கத்தும் சைக்கிள் டிஸ்க் பிரேக்: காரணமும் வைத்தியமும்

கேள்வி: கியர் சைக்கிள். இரண்டு சக்கரத்திலும் கேபிள் டிஸ்க் பிரேக். வெயில் நாளில் சத்தமே இல்லை. மழை பெய்தால் போதும், பிரேக் பிடித்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்துகிறது. புது பேட் போட்டேன். பத்து நாளில் மறுபடி அதே சத்தம். நிரந்தரமாக நிறுத்த வழி உண்டா?

பேட் மாற்றிய பத்தாம் நாளே சத்தம் திரும்பிவிட்டது என்கிறீர்களே, விடைக்கான துப்பு அங்கேதான் இருக்கிறது. பழுது பேட்டில் மட்டும் இருந்திருந்தால் புதுசு போட்டதும் தீர்ந்திருக்கும். பத்து நாளில் புது பேட்டையும் கெடுத்த ஒன்று சைக்கிளிலேயே உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது ரோட்டாரில், அதாவது பேட் அழுத்திப் பிடிக்கும், சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகட்டில், படிந்த எண்ணெயாக இருக்கும். இல்லாவிட்டால் எங்கேயோ ஒரு லூஸ். காய்ந்த ரோட்டில் இரண்டும் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஈரம் பட்டதும் வெளியே வரும்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை எளிதாகும். பேட் ரோட்டாரைச் சீராகப் பிடித்தால் சத்தம் வராது. ஒரு நொடிக்குள் பல நூறு தடவை, சில சமயம் ஆயிரக்கணக்கான தடவை, பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து என்று போகும்போது ரோட்டார் அதிர்கிறது. கண்ணாடி டம்ளரின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் கீச்சென்று வருவதும் இதே கதைதான். பேட்டுக்கும் ரோட்டாருக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் இருக்கும்வரை உராய்வு ஒரு நிலையில் நிற்காது. அதனால் அதிர்வு கிளம்பச் சாதகமாகிறது. அந்த அதிர்வு பேட்டைத் தாங்கும் காலிப்பர், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், ஸ்போக்ஸ் என்று பரவி, சைக்கிளே ஒலிபெருக்கி ஆகிவிடுகிறது.

ஆகவே மழையில் எந்த டிஸ்க் பிரேக்கும் முதல் பிடியில் கொஞ்சம் முனகத்தான் செய்யும். பள்ளத்துத் தண்ணீரில் இறங்கி ஏறியதும் சக்கரம் ஒன்றிரண்டு சுற்று கத்திவிட்டு அடங்கினால் அது பழுதே இல்லை. அதற்கு மேலும் நீடித்தால்தான் கவலைப்பட வேண்டும். இதைப் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. மழை நாளில், வண்டி நடமாட்டம் இல்லாத தெருவில், மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் நடை வேகத்துக்குக் குறையும்வரை உறுதியாகப் பிடியுங்கள். ஐந்தாறு முறை இப்படிச் செய்யுங்கள். முதலில் முன் பிரேக்கை மட்டும், பிறகு பின் பிரேக்கை மட்டும். ஐந்தாவது பிடிக்குள் சத்தம் செத்துவிட்டால் வெறும் தண்ணீர். சாகவில்லை, பிரேக்கும் மந்தமாகப் பிடிக்கிறது என்றால் எண்ணெய். சாகவில்லை, ஆனால் பிரேக் கல்லுப் போல நன்றாகப் பிடிக்கிறது என்றால் லூஸ் அல்லது காலிப்பர் கோணல். இதைச் செய்யாமல் கடைக்குப் போனால் தேவையில்லாத பாகங்களுக்குக் காசு போகும்.

சத்தத்தின் வகையும் பேசும். கரகரவென்று மணல் அரைப்பது போலக் கேட்டால் ரோட்டுச் சேறும் நுண்மணலும் பேட்டில் ஒட்டியிருக்கின்றன. தண்ணீரைச் சன்னமாக ஊற்றிக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். காதைக் கிழிக்கும் கீச்சுக்குரல் எண்ணெய் அல்லது பளபளவென்று கண்ணாடி போல இறுகிப்போன பேட். 'ஊங்ங்' என்று அடித்தொண்டையில் ஊளையிட்டு, கைப்பிடியிலும் சீட்டிலும் அதிர்வு தெரிந்தால் பொருத்தும் இடங்களில் தளர்ச்சி. பிரேக் பிடிக்காமலே சுற்றுக்கு ஒரு தரம் 'சர்க்' என்றால் ரோட்டார் லேசாக வளைந்திருக்கிறது. எல்லாவற்றையும்விட மோசமானது இரும்பை இரும்பால் தேய்க்கும் வறட்டுச் சத்தம். பேட்டின் உராய்வுப் பொருள் தீர்ந்து முதுகுத் தகடு ரோட்டாரைச் சுரண்டுகிறது என்று அர்த்தம். அதைக் கேட்டதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் உத்தமம்.

மழைக்காலத்தில் பேட் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். தண்ணீரோடு வரும் மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். வெயிலில் பல மாதம் உழைக்கும் பேட் அடைமழைக் காலத்தில் சில வாரங்களில் கரைந்துவிடலாம். பிரேக் செய்யும் ஷிமானோ நிறுவனம் சொல்லும் எல்லை, உராய்வுப் பொருள் மட்டும் 0.5 மி.மீ. இன்னொரு நிறுவனமான ஸ்ராமின் கணக்கு வேறு: முதுகுத் தகடும் சேர்த்து 3 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றச் சொல்கிறார்கள். ரோட்டாருக்கும் எல்லை உண்டு. ஷிமானோ ரோட்டார் புதிதில் 1.8 மி.மீ., 1.5 மி.மீ. ஆனதும் ஓய்வு கொடுத்துவிட வேண்டும். மற்றவற்றில் குறைந்தபட்ச அளவு ரோட்டாரின் நடுவையும் விளிம்பையும் இணைக்கும் கையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பர் கருவி வைத்து அளந்தால் ஒரு நிமிட வேலை.

இனி எண்ணெய். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் துடைப்பதில் பயனில்லை. முதல் சந்தேகம் செயின்மேல். ஸ்பிரே டப்பாவில் செயினுக்கு எண்ணெய் அடித்தால் பாதி பின் ரோட்டாரில்தான் போய் உட்காரும். வீட்டில் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ என்ஜின் ஆயிலோ தாராளமாக ஊற்றினால் ஓடும்போது தெறிக்கும். சொட்டுச் சொட்டாக, செயினின் ஒவ்வொரு உருளையிலும் ஒரு துளி, பத்து நிமிடம் ஊறவிட்டு வெளியே வழிந்ததைத் துணியால் ஒட்டத் துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் செயினுக்கு வேண்டியது. இரண்டாவது சந்தேகம் வாட்டர் சர்வீஸ். பைக்குக்குச் செய்வது போலவே சைக்கிளுக்கும் டீசல் அடித்துக் கழுவினால் பேட் அன்றே கெட்டது. பளபளப்புக்காக அடிக்கும் சிலிக்கான் பாலிஷும் அப்படியே. மூன்றாவது, நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழை. மாதக்கணக்கில் ரோட்டில் சொட்டிய வண்டி எண்ணெய் தண்ணீரில் மிதந்து வரும். சிக்னல் கோட்டருகே தேங்கும் தண்ணீரில் வானவில் நிறம் தெரிகிறதே, அது. கடைசியாக நம் கைவிரல். ரோட்டார் முகத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. ஓட்டி நிறுத்திய உடனே தொட்டால் கையும் வெந்துபோகும்.

சுத்தம் செய்யும் முறையில் வரிசை முக்கியம். சக்கரத்தைக் கழற்றுங்கள், பேட்டையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அழுக்கு கனமாக இருந்தால் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பும் வெந்நீரும் போட்டு, வேறு எதற்கும் பயன்படுத்தாத பிரஷால் ரோட்டாரைத் தேய்த்து அலசுங்கள். காய்ந்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல் உள்ளது. வெள்ளைப் பருத்தித் துணியில் நனைத்து இரண்டு முகத்தையும், துளைகளின் உள்விளிம்பையும் துடையுங்கள். ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப் பக்கம். ஒரே பக்கத்தால் தேய்த்துக்கொண்டிருந்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. துணியில் சாம்பல் நிறக் கறை எப்போதும் கொஞ்சம் வரும், அது பேட்டின் தூள். மஞ்சளோ பிசுபிசுப்போ வராத வரை துடைக்க வேண்டும்.

மருந்துக்கடையில் ஸ்பிரிட் என்று கொடுப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். சில சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள். கை கழுவும் சானிடைசரில் கிளிசரின் இருக்கும். இரண்டும் ரோட்டாருக்கு விஷம். சந்தேகம் இருந்தால் கண்ணாடித் துண்டில் இரண்டு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். காய்ந்த இடத்தில் விரல் வழுக்கினாலோ, வட்டமாகக் கறை நின்றாலோ அதைத் தொட வேண்டாம். பைக் ஸ்பேர் கடைகளில் கிடைக்கும் பிரேக் கிளீனர் ஸ்பிரே நல்லதுதான். ஆனால் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள், பெயின்ட்டையும் ரப்பரையும் கெடுக்கக்கூடியது அது. மண்ணெண்ணெய், டீசல், சாதாரண டபிள்யூ.டி.-40 மூன்றும் கூடவே கூடாது. பெட்ரோல் போட்டால் போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பம்ப் பெட்ரோல் ஆவியான பிறகும் சன்னப் படலம் தங்கும். தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

துடைத்த பிறகு 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் ரோட்டாரின் இரு முகத்தையும் சின்னச் சின்ன வட்டமாக, லேசாகத் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கலானால் போதும், உலோகத்தைக் குறைப்பது நோக்கமில்லை. பிறகு இன்னொரு தரம் ஆல்கஹால்.

பேட்டுக்கு 120 நம்பர் உப்புத்தாள். சமமான கண்ணாடி அல்லது டைல்ஸ் மேல் தாளை விரித்து, லேசாக நனைத்து, பேட்டை எட்டு போட்டுத் தேயுங்கள். கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரம் மட்டும் தேய்ந்து முகம் கோணலாகும், அதுவே புதுச் சத்தத்துக்கு விதை. நனைத்துத் தேய்ப்பது தூள் பறக்காமல் இருக்க. அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. தேய்த்தபின் முகம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் பிழைத்தது. தேய்க்கத் தேய்க்க ஒரு பக்கம் கறுத்து ஈரமாகவே தெரிந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது. பேட் நுண்துளைகள் கொண்டது, உறிஞ்சியதை எளிதில் விடாது.

அப்படிப்பட்ட பேட்டை கேஸ் அடுப்பில் காட்டி எண்ணெயை எரித்துவிடலாம் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. உலோகத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்த சின்டர்டு பேட்டில் சில சமயம் பலிக்கும். பிசினால் பிணைத்துச் செய்த ரெசின் பேட்டில் எண்ணெயோடு அந்தப் பிசினும் கருகிவிடும். அப்புறம் உராய்வுப் பொருள் தகட்டிலிருந்து பெயர்ந்து வரலாம். ஒரு ஜோடி பேட் சில நூறு ரூபாய். அதை மிச்சம் பிடிக்க முன் பிரேக்கைப் பணயம் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்: ரோட்டாரைச் சுத்தம் செய்யாமல் புது பேட்டை அதன்மேல் போட்டிருக்கிறீர்கள், பழைய எண்ணெயைப் புதுசு குடித்துவிட்டது. ரோட்டார் முதலில், பேட் அடுத்து. இந்த வரிசை மாறவே கூடாது.

புதிதாகப் போட்டாலும் தேய்த்துப் போட்டாலும் பேட்டைப் பழக்க வேண்டும். இதைச் செய்யாததால் வரும் சத்தம் ஏராளம். பேட்டிலிருந்து ஒரு மெல்லிய படலம் ரோட்டார் முழுக்கச் சீராகப் படிந்தால்தான் பிடி மென்மையாகும். காய்ந்த ரோட்டில் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்குப் போய், நடை வேகம் வரும்வரை ஒரே சீராக அழுத்துங்கள், முழுக்க நிற்காமலே விடுங்கள். 20 முறை. பிறகு வேகத்தைக் கொஞ்சம் கூட்டி 10 முறை. முன்னும் பின்னும் தனித்தனியாக. சக்கரம் இறுகி வழுக்கக் கூடாது. சூடான பேட்டை அழுத்தியபடியே நிற்கவும் கூடாது. நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்து, பிறகு சுற்றுக்கு ஒரு துடிப்பு வரும். பழக்காத புது ரெசின் பேட்டோடு சேறும் மணலுமான மழையில் இறங்கினால் ஒரே சவாரியில் பாதி பேட் போய்விடக்கூடும். ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு பேட் மாற்றுவதைவிட, புரட்டாசியிலேயே மாற்றிப் பழக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

அடுத்தது பொருத்தம். கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலான காலிப்பர்களில் ஒரு பேட் மட்டும்தான் நகரும். அது ரோட்டாரை வளைத்து எதிர்ப் பக்கத்து அசையாத பேட்டின்மேல் சாய்க்கும். அந்த அசையாத பேட் தள்ளி இருந்தால் ரோட்டார் அதிகம் வளையும், சாய்வாகப் பிடிக்கும், கத்தும். காலிப்பரை ஃபிரேமோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் தளர்த்துங்கள், பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் கீ. சக்கரப் பக்கம் இருக்கும் திருகைத் திருகி அசையாத பேட்டை ரோட்டாரில் தொட வையுங்கள். பிரேக் லீவரை இறுக்கிப் பிடித்து, ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். காலிப்பர் தானே ரோட்டாருக்கு நேராக வந்து உட்காரும். இப்போது இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று காலாக இறுக்குங்கள். இறுக்கும் முறுக்குவிசைக்கு ஷிமானோ அளவு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். லீவரை விட்டபின், உரசல் நிற்கும்வரை அசையாத பேட்டை மட்டும் துளித்துளியாகப் பின்வாங்குங்கள். ரோட்டாருக்கு அந்தப் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் போதும்.

பேட் தேயத் தேய கேபிளை இழுத்து இறுக்கியே சமாளிப்பது பரவலான பழக்கம். செய்யாதீர்கள். கேபிள் இழுக்கும் காலிப்பர் நெம்புகோல் பாதி தூரம் ஏற்கெனவே நகர்ந்த நிலையிலிருந்து இழுத்தால் பிடிக்கும் வலு குறைகிறது. தேய்மானத்தைப் பேட் திருகில்தான் ஈடுகட்ட வேண்டும். கேபிளுக்கு மழையில் இன்னொரு நோயும் உண்டு. உறைக்குள் தண்ணீர் போய்த் துருப்பிடித்தால் லீவரை விட்டாலும் பேட் முழுக்கத் திரும்பாது. லேசாக உரசிக்கொண்டே ஓடிச் சூடாகி, பேட் முகம் கண்ணாடியாக இறுகும். லீவர் கரடுமுரடாக நகர்ந்தால் உள்கம்பியும் உறையும் சேர்த்தே மாற்றுங்கள்.

தளர்ச்சி தேடும்போது ரோட்டாரிலிருந்து வெளியே போங்கள். ஆறு போல்ட் ரோட்டார் என்றால் டி25 டார்க்ஸ் கீ. ஷிமானோவுக்கு 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், ஸ்ராமுக்கு 6.2. நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர் லாக் என்றால் 40 நியூட்டன் மீட்டர், அதைக் கடையில் செய்வதே மேல். பேட்டுகளுக்கு நடுவே உள்ள ஸ்பிரிங் நெளிந்திருக்கிறதா, பேட்டைத் தாங்கும் ஊசி போட்டிருக்கிறதா பாருங்கள். கழற்றி மாட்டும்போது ஸ்பிரிங்கைத் தொலைத்துவிட்டு 'இல்லாமலும் ஓடுதே' என்று விட்ட சைக்கிள்கள் நிறைய. பிறகு சக்கரத்தை டயரில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடினால் ஹப் பேரிங். முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே கையில் 'டொக்' என்று உணர்ந்தால் ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், லூஸ். ஸ்போக்ஸை இரண்டிரண்டாகக் கிள்ளிப் பாருங்கள், சொத சொதவென்று இருப்பவையும் ஊளைச் சத்தத்துக்குக் காரணம். இடுப்பளவு தண்ணீர் இல்லை, ஹப் முங்கும் அளவு தண்ணீரில் ஓட்டினாலே பேரிங்கின் கிரீஸ் கெடும். சில வாரம் கழித்து வரும் ஊளைக்குப் பேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேபிளுக்குப் பதில் திரவத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு கூடுதல் எச்சரிக்கை. சுத்தம் செய்தும் ஒரே பக்கத்துப் பேட் மறுபடி மறுபடி எண்ணெயில் நனைந்தால், பேட்டின் முதுகுப்புறம் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் பேட்டைத் தள்ளும் பிஸ்டனின் சீல் (திரவத்தைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிகிறது, பேட்டுக்குச் செலவு செய்வது வீண். ஷிமானோவில் மினரல் ஆயில், பெரும்பாலான ஸ்ராம் பிரேக்கில் டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம். ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெடும்.

பேட் வகையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பலரும் அதை முதலில் மாற்றுவதுதான். ரெசின் பேட் மென்மையானது, சத்தம் குறைவு, மழை மணலில் சீக்கிரம் தேயும். சின்டர்டு பேட் ஈரத்திலும் சூட்டிலும் தாங்கும், நாள்பட உழைக்கும், ஆனால் ஈரத்தில் அதிகம் கத்தும். இரண்டுக்கும் நடுவே செமி மெட்டாலிக் என்று ஒன்று உண்டு. தினமும் நகரத்துக்குள் வேலைக்குப் போய்வருபவருக்கு ரெசின் போட்டு, மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் தடிமன் பார்ப்பது போதும். மலைப் பாதையில் நனைந்து இறங்குபவர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு சின்டர்டு போடட்டும். ஒன்று கவனிக்க வேண்டும்: விலை குறைந்த ரோட்டார்கள் சிலவற்றில் ரெசின் பேட் மட்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அதில் சின்டர்டு போட்டால் ரோட்டார் தேய்ந்துபோகும். வகை மாற்றினால் பழைய படலம் போக ரோட்டாரை மறுபடி உப்புத்தாளால் தேய்த்து, முதலிலிருந்து பழக்க வேண்டும். கடைக்குப் பழைய பேட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். பேட்டின் வடிவம் காலிப்பருக்குக் காலிப்பர் மாறும்.

ஓட்டும்போது ஒரு பழக்கம் உதவும். சந்திப்புக்கு முப்பது நாற்பது அடி முன்பே லீவரைச் சக்கரம் இரண்டு சுற்றுக்கு மட்டும் மெல்லத் தொட்டுத் தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு உறுதியாகப் பிடியுங்கள். வழி நெடுக லேசாகப் பிடித்துக்கொண்டே போவது வேறு. அது பேட்டை இறுக்கிக் கத்த வைக்கும். முழு நீள மட்கார்டு இரண்டு போட்டால் காலிப்பருக்குள் போகும் சேறு வெகுவாகக் குறையும்.

இத்தனையும் செய்து, பிரேக் நன்றாகப் பிடித்து, ஒன்றும் ஆடாமல், ஊளை மட்டும் மிஞ்சினால் ரோட்டாரை மாற்றிப் பாருங்கள். அதே விட்டம், ஆனால் கைகளின் எண்ணிக்கையும் துளைகளின் அமைப்பும் வேறாக உள்ள ஒன்று. அதிரும் அலைவரிசை மாறுவதால் அதே பேட், அதே காலிப்பரிலேயே சத்தம் நின்றுவிடுவது உண்டு.